இயந்திரத்துக்குத் தெரியாத கறுப்பு

பிளாஸ்டிக்குக்கு நிறம் ஏற்றும் மாஸ்டர்பேட்ச் குருணை தயாரிப்பது என் தொழில். இதில் கறுப்புக்கு என்றுமே கிராக்கி அதிகம். அந்த நிறத்தைத் தருவது, எண்ணெயை அரைகுறையாக எரித்துப் பிடிக்கும் கரியான கார்பன் பிளாக். விலை குறைவு, கொஞ்சம் போட்டாலே போதும். வெயிலையும் தாங்கும். குடிநீருக்கான பாலிஎத்திலீன் குழாயில் எடைக்கு 2.5 சதவீத அளவில் அது இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி.

பழைய பிளாஸ்டிக்கை உருக்குபவர்களுக்கும் கறுப்பு கைகொடுத்தது. காயலான் கடையில் சேரும் சிவப்பு வாளியையும் நீல மூடியையும் பச்சை நாற்காலியையும் ஒன்றாக உருக்கினால் சேற்று நிறம்தான் வரும். அதை மறைக்கக் கறுப்பை விட்டால் வழியில்லை. கையால் தரம் பிரிப்பவர்கள் துண்டைத் தட்டிக் கேட்பார்கள், கொளுத்தி முகர்வார்கள், தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனைகளுக்கு நிறம் ஒரு தடையே இல்லை.

நிலைமை மாறியது ஐரோப்பாவில். பேக்கேஜிங் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை 1991-இல் ஜெர்மனி உற்பத்தியாளர் மேல் சுமத்தியது. குவிந்ததையெல்லாம் கையால் பிரித்து மாளாது. அந்தப் பத்தாண்டில் அகச்சிவப்புக் கதிரால் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தன. ஓடும் பெல்ட்டின் மேல் ஒளி பாயும். திரும்பி வரும் கதிரை வைத்து இது பெட், இது பாலிப்ரொப்பிலீன் என்று கருவி அறியும். காற்றைப் பீச்சி உரிய பக்கம் தள்ளும். கார்பன் பிளாக் அந்தக் கதிரை விழுங்கிவிடுகிறது. கருவிக்குத் திரும்பி வர எதுவும் மிஞ்சுவதில்லை. உருக்கத் தகுந்த பிளாஸ்டிக், எரிக்கவும் புதைக்கவும் போனது.

பிரிட்டனில் இது பெரிய விவகாரமானது. அங்கே சூப்பர்மார்க்கெட் உணவுத் தட்டுகள் பல கறுப்பாக இருந்தன. இறைச்சியும் காய்கறியும் அதில் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக. 2018-இல் வெயிட்ரோஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் தன் சொந்தத் தயாரிப்புகளில் கறுப்பு பிளாஸ்டிக்கைக் கைவிடுவதாக அறிவித்தது. அகச்சிவப்பை விழுங்காத பெரிலீன் வகைக் கறுப்பு நிறமிகளும் உண்டு, விலைதான் கூடுதல்.

வருடக்கணக்கில் வெயிலில் கிடக்கும் குழாய்க்குக் கார்பன் பிளாக் அவசியம். ஒருவேளைச் சாப்பாட்டோடு குப்பைக்குப் போகும் தட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். கறுப்புத் தட்டுக்கு ஆர்டர் கொடுக்க வருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நிறமில்லாமல் வாங்குங்கள்; கறுப்பேதான் வேண்டுமென்றால், இயந்திரத்துக்குத் தெரியும் கறுப்புக்குக் காசு கொடுங்கள்.