சிப்பிலிருந்து திரைக்கு: வீடியோ டிகோடர்கள் எல்லாக் கணினிகளுக்கும் பரவிய வரலாறு

கணினியில் ஓடும் ஏறக்குறைய எல்லா வீடியோவும் சுருக்கப்பட்ட வடிவில்தான் சேமிக்கப்படுகிறது. 1920×1080 அளவுள்ள ஒரு படச் சட்டகத்துக்கு, நிறத் தகவலைக் குறைத்துச் சேமித்தாலும், சுமார் 31 லட்சம் பைட்டுகள் தேவை. நொடிக்கு 30 சட்டகங்கள் என்றால் 9 கோடி பைட்டுகளைத் தாண்டும். அதனால்தான் எம்பெக்-1, எம்பெக்-2, எச்.264 போன்ற சுருக்க முறைகள் வந்தன. சுருக்கியதை விரிப்பது பல படிகள் கொண்ட வேலை. பிட்டுகளின் ஓட்டத்திலிருந்து எண்களைப் பிரிக்க வேண்டும். அந்த எண்களைப் படப்புள்ளிகளாக மாற்ற வேண்டும். முந்தைய சட்டகத்தில் அசைந்த பகுதிகளை எடுத்து ஒட்ட வேண்டும். கட்டங்களின் விளிம்பு தெரியாமல் மெழுக வேண்டும். இவற்றை மையச் செயலியிடம் விடாமல் தனிச் சுற்றிடம் ஒப்படைப்பதே வன்பொருள் முடுக்கம். அந்தச் சுற்று சந்தைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. ஒரே நிரல் எல்லா இயங்குதளங்களிலும் அதைப் பயன்படுத்தும் நிலை வரத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

டிவிடி 1996 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அன்றைய பென்டியம் செயலிகள் எம்பெக்-2 வீடியோவை விரிக்கத் திணறின. கிரியேட்டிவ், சிக்மா டிசைன்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தனி டிகோடர் அட்டைகளை விற்றன. சிக்மாவின் ஹாலிவுட் பிளஸ் அட்டையில், கிராபிக்ஸ் அட்டையின் சமிக்ஞை ஒரு கேபிள் வழியே டிகோடருக்குள் நுழைந்து, படத்தையும் சேர்த்துக்கொண்டு மானிட்டருக்குப் போகும். இந்த ஏற்பாடு நீண்ட நாள் நிற்கவில்லை. 1997-இல் இன்டெல் செயலிகளில் வந்த எம்எம்எக்ஸ் கட்டளைகளும் அடுத்தடுத்து வேகம் கூடிய செயலிகளும் ஒருபுறம். அசைவை ஈடுசெய்யும் கணக்கைத் தன்னுள்ளே எடுத்துக்கொண்ட ஏடிஐ ரேஜ் புரோ போன்ற கிராபிக்ஸ் சிப்புகள் மறுபுறம். தனி அட்டைகள் மறைந்தன. சிப்புக்குச் சிப் மாறுபட்ட பேச்சு முறையைப் பொதுவாக்க, விண்டோஸ் 2000 காலத்தில் மைக்ரோசாஃப்ட் டிஎக்ஸ்விஏ என்ற இடைமுகத்தைக் கொண்டுவந்தது. லினக்ஸ் பக்கம் எக்ஸ்விஎம்சி என்ற நீட்சி வந்தது. அது பெரும்பாலும் எம்பெக்-2 வோடு நின்றுவிட்டது.

இதே காலத்தில் பாரிஸின் எகோல் சாந்த்ரால் கல்லூரி மாணவர்கள் வளாக வலையமைப்பில் தொலைக்காட்சியை ஒளிபரப்பும் திட்டம் ஒன்றை 1996-இல் தொடங்கினார்கள். விடுதிக்கு வேகமான வலையமைப்பு வேண்டும் என்பதே அடிப்படை நோக்கம். அதற்குக் காட்டிய காரணம் வீடியோ. அந்தத் திட்டத்தின் ஒரு பகுதிதான், ஆரஞ்சு நிறக் கூம்பைச் சின்னமாகக் கொண்டு பின்னாளில் உலகெங்கும் பரவிய விஎல்சி வீடியோ பிளேயர். 2001 பிப்ரவரி 1 அன்று கல்லூரி அதை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட ஒப்புக்கொண்டது. 2000-இல் ஹங்கேரியில் எம்பிளேயர் என்ற வீடியோ பிளேயரும், பிரான்சில் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரல் தொகுப்பும் பிறந்திருந்தன. எஃப்எஃப்எம்பெக்கின் லிப்ஏவிகோடெக் நூலகம் மற்ற இரண்டுக்கும் எஞ்சினாக அமைந்தது.

இந்த நிரல்கள் சி மொழியில் எழுதப்பட்டவை. சி எங்கும் கம்பைல் ஆகும் என்பது பாதி உண்மைதான். ஒரு கணினியில் இருக்கும் நூலகம் இன்னொன்றில் இருக்காது. பழைய மேக்கின் பவர்பிசி செயலி பைட்டுகளை இன்டெலுக்கு நேரெதிர் வரிசையில் அடுக்கியது. வேகத்துக்காகக் கையால் எழுதிய அசெம்பிளி, செயலிக்குச் செயலி வேறு: இன்டெலுக்கு எம்எம்எக்ஸும் எஸ்எஸ்இயும், பவர்பிசிக்கு ஆல்டிவெக், கைபேசியின் ஆர்ம் செயலிக்கு நியான். கணினியில் என்ன இருக்கிறது என்று முதலில் சோதித்து, அதற்கேற்பக் கம்பைலரை ஏவும் ‘கன்ஃபிகர்’ முறையை 1991-இல் வந்த ஆட்டோகான்ஃப் பரவலாக்கியது. எஃப்எஃப்எம்பெக் குழு அந்தக் கருவியை ஏற்காமல், அதேபோன்ற ஒன்றை ஷெல் மொழியில் கையாலேயே எழுதிக்கொண்டது.

விஎல்சியின் விண்டோஸ் பதிப்பு உருவாகும் விதம் தனிக் கவனத்துக்கு உரியது. அது விண்டோஸில் உருவாவதில்லை. லினக்ஸ் கணினியில் அமர்ந்து, மிங்கவ்-டபிள்யூ64 என்ற கம்பைலர் தொகுப்பைக் கொண்டு விண்டோஸுக்கான நிரலைக் கம்பைல் செய்கிறார்கள். இதை ‘கிராஸ் கம்பைல்’ என்பார்கள். அதற்கு முன், விஎல்சி சார்ந்திருக்கும் எண்ணற்ற நூலகங்களை ‘கான்ட்ரிப்’ என்ற பகுதி ஒவ்வொன்றாக இறக்கி, தேவையான இடத்தில் ஒட்டுப்போட்டு, இலக்குக் கணினிக்காகக் கம்பைல் செய்து வைக்க வேண்டும். எழுத்துரு நூலகம் ஒன்று சறுக்கினாலும் அன்றைய பில்டு நின்றுவிடும். பயனர் கண்ணில் படாத இந்த உழைப்பு இல்லாவிட்டால் விஎல்சி லினக்ஸ்காரர்களின் கருவியாகவே இருந்திருக்கும்.

2003-இல் எச்.264 வந்தபோது கணக்கு மீண்டும் மாறியது. எம்பெக்-2 எடுக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதியிலேயே அதே தரம். விலை, விரிக்கும் சுமை. அதன் கேபாக் முறையில் ஒவ்வொரு பிட்டின் பொருளும் முந்தைய பிட்டைச் சார்ந்தது என்பதால், வேலையைச் செயலியின் பல கருக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கடினம். 2007-இல் என்விடியாவும் ஏடிஐயும் பிட் ஓட்டத்தையே முழுதாக வாங்கிக்கொள்ளும் சிப்புகளைக் கொண்டுவந்தன.

அவற்றோடு நிரல்கள் பேசும் வாசலோ ஒன்றாக இருக்கவில்லை. விஸ்டாவுடன் டிஎக்ஸ்விஏ 2. லினக்ஸில் இன்டெலின் விஏ-ஏபிஐ. 2008-இல் என்விடியாவின் விடிபிஏயு. 2010-இல் ஆப்பிளின் விடிஏ. 2012-இல் ஆண்ட்ராய்டு 4.1 உடன் மீடியாகோடெக். சுருக்கிய வீடியோவின் ஒவ்வொரு பிட்டையும் வரையறுத்த தர அமைப்புகள், அதை விரிக்கும் சிப்பிடம் எப்படிப் பேசுவது என்பதை வரையறுக்கவில்லை. அந்த விடுபடலின் சுமை, பெரும்பகுதி, சம்பளமின்றி எழுதிய நிரலாளர்களின் தலையில் விழுந்தது.

2010 ஜூனில் வெளியான விஎல்சி 1.1 விண்டோஸிலும் லினக்ஸிலும் வன்பொருள் டிகோடிங்கைச் சேர்த்தது. ஆனால் ஒரு சிக்கல் உடனே முன்னால் நின்றது. விரித்த படம் கிராபிக்ஸ் நினைவகத்தில் இருக்கிறது. வசனவரியும் வடிகட்டிகளும் மையச் செயலியில் ஓடுகின்றன. படத்தைத் திரும்ப இழுத்தாக வேண்டும். அந்த நினைவகம் எழுத வேகமானது, படிக்க மிக மெதுவானது. எஸ்எஸ்இ 4.1-இல் இருந்த ஒரு சிறப்புக் கட்டளையால் ஓரளவு சமாளித்தார்கள். படத்தை இடம் பெயர்க்காமலே திரைக்கு அனுப்பும் கட்டமைப்பு 2018 பிப்ரவரியில் வந்த விஎல்சி 3.0-இல்தான் முழுமை பெற்றது; வன்பொருள் டிகோடிங் எல்லோருக்கும் இயல்பிருப்பாக இயங்கத் தொடங்கியதும் அப்போதுதான். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளின் கடின உழைப்பு, வேகமாக விரிப்பதில் அல்ல, விரித்ததை நகர்த்தாமல் வைப்பதில்தான் செலவானது.

கைபேசி வந்தபின் நோக்கமும் மாறியது. வன்பொருள் வழியே ஐபோனில் எச்.264 வீடியோ 10 மணி நேரம் வரை ஓடும், மென்பொருள் வழியே 5 மணி நேரம்கூட ஓடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் ஃபிளாஷுக்கு எதிரான தன் கடிதத்தில் எழுதினார். மின்கலமே இனி அளவுகோல். ஆனால் அந்தச் சிப்பை நேரடியாக அணுகும் வழியை ஆப்பிள் ஐபோன் நிரலாளர்களுக்கு 2014-இல் ஐஓஎஸ் 8 வரும்வரை திறக்கவில்லை. விஎல்சிக்கு அங்கே உரிமமும் தடையானது. ஜிபிஎல் விதிகள் ஆப் ஸ்டோர் விதிகளோடு பொருந்தாததால் 2011 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. விஎல்சியின் முன்னணி நிரலாளர் ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் முன்னின்று, நிரலில் பங்களித்தவர்களைத் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்கினார். தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாறிய பின் 2013 ஜூலையில் அது திரும்பியது. ஓர் இயங்குதளத்துக்குப் போய்ச் சேர கம்பைலர் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

காப்புரிமையும் அப்படியே. 2012-இல் வந்த ராஸ்பெர்ரி பை 700 மெகாஹெர்ட்ஸ் செயலி கொண்ட சிறு பலகை. அதன் கிராபிக்ஸ் சிப் 1080 வரி எச்.264 படத்தைச் சிரமமின்றி விரித்தது. எம்பெக்-2 வை விரிக்கும் திறனும் அதே சிப்பில் இருந்தது. விலையைக் குறைக்க அதன் உரிமத்தைப் பலகையோடு சேர்க்கவில்லை. வேண்டியவர்கள் தனியே பணம் கட்டிச் சாவி வாங்கினார்கள்.

வாசல்களை ஒன்றாக்கும் முயற்சி இரண்டு முனைகளில் நடந்தது. 2016 வாக்கில் எஃப்எஃப்எம்பெக் பல இடைமுகங்களை ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தது. 2022 டிசம்பரில், கிராபிக்ஸ் தரங்களை வகுக்கும் குரோனோஸ் குழு, வல்கன் வீடியோ என்ற பொது இடைமுகத்தின் டிகோடிங் பகுதியை இறுதி செய்தது. 2023-இல் வெளியான எஃப்எஃப்எம்பெக் 6.1 அதை ஏற்றது.

ஆனால் புதிய சுருக்க முறை ஒவ்வொன்றும் சிப்புகளுக்கு முன்பே வந்துவிடுகிறது. 2018-இல் ஏவி1 வந்தபோது அதை விரிக்கும் வன்பொருள் பயனர்களிடம் இல்லை. விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பு அதே ஆண்டில் டேவிட் என்ற மென்பொருள் டிகோடரை வெளியிட்டது; அதன் வேகத்துக்குக் காரணம் மீண்டும் கையால் எழுதிய அசெம்பிளிதான். இன்றும் கிராபிக்ஸ் சிப் ஏற்க மறுக்கும் கோப்பை விஎல்சி மையச் செயலியிடம் ஒப்படைத்து ஓட்டுகிறது.