பைக்குள் இருக்கும் முத்திரை

தி.நகர் பாண்டி பஜாரில் லூயி விட்டோன் எழுத்துகள் அச்சடித்த கைப்பை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதே எழுத்துகள் போட்ட அசல் பைக்கு லட்சங்களில் விலை. எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று கேட்டால், பையைத் திறந்து உள்ளே முத்திரையைப் பார் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். நாமும் பார்ப்போம். தோலைத் தொட்டவனைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில், தோலில் பொறித்த ஓர் எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நம்முடைய வரலாற்றோடும் சேர்ந்தது.

முத்திரைகளிலேயே அதிகம் பேசப்படுவது பிரான்சின் எர்மெஸ் நிறுவனத்துடையது. அங்கே ஒரு பையைப் பெரும்பாலும் ஒரே கைவினைஞர் ஆரம்பம் முதல் முடிவு வரை செய்கிறார். இரண்டு ஊசி, மெழுகு தடவிய லினன் நூல், இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகும் தையல். குதிரைச் சேணம் தைத்தவர்களிடமிருந்து வந்த முறை அது. வேலை முடிந்ததும் உள்பக்கத்தில் மையில்லாமல் அழுத்தி ஒரு முத்திரை இடுகிறார்கள். அதில் செய்த ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஒன்று. கூடவே பட்டறைக்கும் கைவினைஞருக்கும் உரிய அடையாளம். ஆண்டு எழுத்து 1945-இல் 'ஏ' என்று தொடங்கியது. 1971 முதல் எழுத்தைச் சுற்றி வட்டம், 1997 முதல் சதுரம். 2015 முதல் சுற்றுக்கோடும் இல்லை, அகர வரிசையும் இல்லை. பை பழுதாகித் திரும்பி வந்தால் எந்தப் பட்டறையில், யார் கையில் உருவானது என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும்.

நிறுவனத்துக்குத்தான் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. அந்த முத்திரையில் இருப்பது பெயர் அல்ல, ஒரு சங்கேதக் குறி. தையல் பிரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க உதவும். தையல் நன்றாக இருந்தால் புகழ் எர்மெஸுக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே உழைப்பாளியை அதிகம் மதிப்பதாகச் சொல்லப்படும் முத்திரையின் நிலை இது.

லூயி விட்டோன் கதை வேறு. நிறுவனரின் மகன் ஜார்ஜ் விட்டோன் 1896-இல் அந்தப் பூவும் எழுத்தும் கலந்த வடிவத்தைக் கொண்டுவந்ததே போலிகளைத் தடுக்கத்தான். பாண்டி பஜாரைப் பார்த்தால் அது எவ்வளவு பலித்தது என்று தெரியும். 1980-களில் இருந்து பைக்குள் எழுத்தும் எண்ணும் கொண்ட தேதிக்குறி வந்தது. எழுத்து எந்தத் தொழிற்சாலை என்று சொல்லும், எண்கள் எப்போது செய்தது என்று சொல்லும். அதையும் போலிக்காரர்கள் அப்படியே அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2021-இல் குறியை நிறுத்திவிட்டு உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிப் வைக்கத் தொடங்கினார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் புகழ்பெற்ற எழுத்துப் பையின் உடல்பகுதி தோலே இல்லை. பிளாஸ்டிக் பூசிய துணி. கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் தோல். நம் ஊர் ரெக்சினை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

'மேட் இன் இத்தாலி' என்ற முத்திரை எதை மறைக்க முடியும் என்பது 2024-இல் மிலான் நீதிமன்றத்தில் தெரிந்தது. டியோர் நிறுவனத்தின் பைகளைத் தயாரிக்கும் துணை நிறுவனம் ஒன்றை அந்த ஜூன் மாதம் நீதிமன்றம் தன் மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தது. மிலானைச் சுற்றியிருந்த உள்ஒப்பந்தப் பட்டறைகளில் குடியேறிய தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்திலேயே தூங்கி, இரவு பகலாகத் தைத்திருக்கிறார்கள். கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற பையைத் தைத்து முடிக்க டியோர் கொடுத்தது 53 யூரோ என்று விசாரணை ஆவணங்கள் சொன்னதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. முத்திரை பொய் சொல்லவில்லை. பை இத்தாலியில்தான் தைக்கப்பட்டது.

'பிராண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே சூடு போடுவது என்றுதான் பழைய பொருள். மாடு யாருடையது என்று காட்ட இரும்பைக் காய்ச்சி வைத்த குறி. தோல் வியாபாரத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான மறுபக்கம் உண்டு. உயிரோடிருந்த மாட்டின் மேல் போட்ட சூட்டுத் தழும்பு தோலின் தரத்தைக் குறைக்கும். உண்ணி கடித்த வடு, முள்கம்பி கீறியது, சூட்டுக்குறி எல்லாம் குறைபாடுகள், அதற்கேற்ப விலை இறங்கும். அதே தோல் பதனிடப்பட்டுப் பையான பிறகு அதன்மேல் காய்ச்சிய அச்சால் ஒரு பெயரை அழுத்தினால் விலை ஏறும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மதராஸ் துறைமுகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் தோல் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தது. உலகச் சந்தையில் அதன் பெயர் 'ஈஸ்ட் இந்தியா' தோல். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டு, கடுக்காய்ச் சாற்றில் முடிக்கும் முறை. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி என்று ஊர் ஊராகத் தோல் ஷாப்புகள் இருந்தன. ஷாப்பு என்றால் கடை என்று நினைக்காதீர்கள். பதனிடும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். தொட்டிக்குள் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள், பிறகு மற்றவர்களும். டி. செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் ஷாப்புகளின் அந்த உலகத்தைத்தான் எழுதியது. 2012-இல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. படிக்காதவர்கள் படியுங்கள்.

அந்தத் தோல் லண்டன் போய்ச் சேர்ந்ததும் ஏலம் விடப்பட்டது. அங்கே மறுபடி பதனிட்டு, சாயம் ஏற்றி, மெருகேற்றினார்கள். அதன்பிறகு அது ஐரோப்பியத் தோல். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு மதராஸ் தோல் எவ்வளவு அவசியமாக இருந்தது என்றால், அரசாங்கமே அந்த வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. பூட்ஸில் பொறித்த பெயர்களில் வாணியம்பாடி கிடையாது. முத்திரை எப்போதும் கடைசியாகத் தொட்டவன் போடுவது. முதலில் தொட்டவனுக்கு அதில் இடமே இல்லை. இந்தியா தோலை அரைப் பதத்தில் அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முழுப்பொருளாகச் செய்து அனுப்பு என்று கொள்கை மாற்றியது 1970-களின் தொடக்கத்தில்தான். அதன் பிறகும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செய்த செருப்பும் பையும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரோடுதான் கப்பல் ஏறுகின்றன.

பெயர் யாருக்குக் கிடைத்தது என்றும் பாருங்கள். தென்னிந்தியப் பதனிடும் முறையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மேம்படுத்தியவர் என்று தோல் தொழில் வரலாறுகள் சார்லஸ் டி சூசா என்ற யூரேசியரைக் குறிப்பிடுகின்றன. அவர் மேம்படுத்தியது யாருடைய முறையை? அதற்குப் பெயர் இல்லை, 'நாட்டு முறை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைக் கொண்டுவந்தார். பல்லாவரம் பக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் குரோம் லெதர் கம்பெனி நடத்தினார். ஒரு ரசாயனத்தின் பெயர் ஊருக்கே வந்து குரோம்பேட்டை ஆனது. முதலாளிக்கும் ரசாயனத்துக்கும் ஊரில் பெயர் இருக்கிறது.

தொழிலாளிக்கும் ஒரு முத்திரை இருந்தது. அது பொருளின் மேல் விழவில்லை, ஆளின் மேல் விழுந்தது. செருப்புத் தைப்பவரின் சாதிப் பெயர் தமிழில் வசைச்சொல்லாகவே புழங்கியது. இன்றும் சில வாய்களில் புழங்குகிறது. ஐரோப்பாவில் ஒருவர் செய்த பொருள் அவரை அடையாளம் காட்டியது என்றால், இங்கே பிறந்த சாதி முதலில் வந்து, தொழில் அதன்மேல் சுமத்தப்பட்டது. அந்தப் பெயரைக் கழற்றி எறியும் போராட்டத்தைச் சென்னையில் நடத்தியவர்களில் முக்கியமானவர் எல்.சி. குருசாமி. நீதிக்கட்சிக் காலத்தில் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தவர். பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தியவர். அருந்ததியர் என்ற பெயருக்காக உழைத்தவர். எம்.சி. ராஜா 1922-இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயருக்காகத் தீர்மானம் கொண்டுவந்ததும் இதே வேலைதான். தன்மேல் அடுத்தவன் வைத்த சூட்டுக்குறியை அழிப்பது.

அடையாறு சர்தார் படேல் சாலையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-இல் தொடங்கியது. தோலின் மேல் மயிர்க்கால் துளைகள் அமைந்திருக்கும் விதத்தை வைத்தே அது ஆடா, மாடா, எருமையா என்று படிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம். அறிவியல் தோலை இவ்வளவு நுணுக்கமாகப் படித்துவிடும். அதைப் பதனிட்டவர் பற்றித் தோல் எதுவும் சொல்வதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த வருடம் ராணிப்பேட்டையில் பதனிட்ட தோலில் எத்தனை பைகள் ஆயின, எந்தப் பெயர்கள் அதன்மேல் விழுந்தன என்று கண்டுபிடிக்க எந்த முத்திரையும் உதவாது.

தோலுக்கும் பெயருக்கும் உள்ள இந்தக் கணக்கு மயிலாப்பூரில் வேறு விதமாகக் கேட்கும். மார்கழியில் சபா மேடையில் மிருதங்கம் வாசிக்கிறவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும். வாத்தியத்தில் இருப்பது மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும். அதைச் சீவி, மூட்டி, வார் இழுத்துச் சுருதி சேர்த்தவர்களில் பலர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்தவர் பர்லாந்து. மணி அய்யருக்கு 1966-இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. பர்லாந்து பெயரைப் பொதுவெளியில் பலரும் முதல்முறை கேட்டது 2020-இல், டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தை எழுதிய பிறகுதான். அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைத் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. தரமணியில் இதழியல் கல்லூரியில் விழா நடந்தது. செய்தவர்களின் பெயரை அச்சில் போட்டதற்கே இவ்வளவு பதற்றம்.

ஆகவே பெயர் போடு என்ற கோரிக்கையைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் எப்படிப்பட்ட பெயர் என்பதில் கவனம் வேண்டும். புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. கோலாப்பூர் செருப்புக்கு 2019-இல் அந்தக் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் அதே வடிவச் செருப்பை ஏற்றியபோது கோலாப்பூர் என்ற சொல்லே இல்லை. கூச்சல் எழுந்த பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்தின் சர்மகார் மேம்பாட்டுக் கழகம் அடுத்த மாதமே செருப்புகளுக்குக் கியூஆர் குறி அறிவித்தது. போனில் காட்டினால் செய்த கைவினைஞர் அல்லது பட்டறையின் பெயர், ஊர், பயன்படுத்திய பொருள் எல்லாம் வரும்.

சர்மகார் மக்களில் சிலர் இதைப் பெருமையாகப் பார்ப்பார்கள், நியாயம்தான். எனக்குள்ள தயக்கம் ஒன்று: நம் நாட்டில் தோல் தொழிலாளியின் பெயரையும் ஊரையும் படிக்கிறவர் அடுத்த நொடி சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார். எனவே பெயரைப் போடலாமா என்று முடிவு செய்யவேண்டியவர் அந்தத் தொழிலாளிதான், கழகமும் கம்பெனியும் அல்ல. கூலிக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சங்கத் தோழர்களோடு பேசும்போது இதைக் கேளுங்கள்: ஒரு பைக்கு எவ்வளவு கூலி கொடுத்தோம், தோலை எந்த ஷாப்பில் பதனிட்டோம், அந்த ஷாப்பில் கடைசியாக யாருக்கு, எப்போது விபத்து நடந்தது. இத்தனையும் எழுத அந்தச் சின்னக் கறுப்புச் சதுரத்தில் இடம் இருக்கிறது.