ஸ்பேஸ் இம்பாக்ட்

ஸ்பேஸ் இம்பாக்ட் என்பது பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தன் 3310 ரகக் கைபேசியோடு சேர்த்துக் கொடுத்த விண்வெளிப் போர் விளையாட்டு. ஒற்றை விண்கலத்தைச் செலுத்தி, வலப்புறமிருந்து வந்துகொண்டே இருக்கும் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தி, எட்டு லெவல்களைத் தாண்டுவதே ஆட்டம். இதற்கென்று யாரும் தனியாகக் காசு கொடுக்கவில்லை. போனை வாங்கினால் அதற்குள் இருக்கும். சென்னையின் தென்புறநகரில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் முதல் செல்போனைக் கையில் பிடித்த தலைமுறையில் பலருக்கு முதல் விண்வெளிச் சண்டையும் இதுதான். பெயர் நினைவில்லாதவர்கள்கூட ‘நோக்கியாவில் வருமே ராக்கெட் கேம்’ என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஆடும் முறை

3310-இன் திரை 84-க்கு 48 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 4,032 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பாக இருக்கும் அல்லது இருக்காது. நிறம் கிடையாது, சாம்பல் சாயல்கூடக் கிடையாது. இதற்குள் ஒரு விண்கலம், ஏழெட்டு எதிரிகள், பறக்கும் குண்டுகள், சில லெவல்களில் மலையும் தரையும், மேலே ஒரு கணக்குப் பட்டை எல்லாம் அடங்கியாக வேண்டும். பட்டையில் மிச்சமுள்ள உயிர்களைக் காட்டும் இதயங்கள், கைவசமுள்ள சிறப்பு ஆயுதத்தின் படமும் எண்ணிக்கையும், பிறகு மதிப்பெண். எதிரிகள் சில பூச்சி போலவும் சில மீன் போலவும் தெரியும். வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தார் என்பது கடைசிவரை விளங்காது, விளங்க வேண்டிய தேவையும் இல்லை.

சாதாரணத் துப்பாக்கிக்குக் குண்டு தீராது. ஆட்டத்தின் மூளை சிறப்பு ஆயுதத்தில் இருக்கிறது. அவை மூன்று வகை: எதிரியைத் தேடிப் போகும் ஏவுகணை, ஒரு வரிசையில் உள்ள அத்தனையையும் அழிக்கும் ஒளிக்கற்றை, திரையின் மேல்விளிம்பு முதல் கீழ்விளிம்பு வரை நின்று எதிரிகளைத் துடைத்துக்கொண்டு போகும் சுவர். இவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. வழியில் மிதந்து வரும் பரிசைப் பிடித்தால்தான் கூடும். ஒவ்வொரு லெவலின் முடிவிலும் ‘பாஸ்’ என்று பையன்கள் சொல்லும் பெரிய எதிரி மேலும் கீழும் அசைந்தபடி நிற்கும். அதைச் சாதாரணக் குண்டால் அடித்து வீழ்த்த நேரம் பிடிக்கும், அதற்குள் உயிர் ஒன்று போய்விடும். ஆகவே நடுவழியில் நெருக்கடி வரும்போதெல்லாம் ஆடுபவர் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். இப்போது ஏவுகணையைச் செலவழித்துத் தப்பிப்பதா, ஓர் உயிரைக் கொடுத்து அதைப் பாஸுக்காகச் சேமிப்பதா? இத்தனை சிறிய திரையில் இருந்த உத்தி இவ்வளவுதான், ஆனால் அது உண்மையான உத்தி. விரல் வேகத்தை மட்டும் நம்பியவர்கள் மூன்றாம் நான்காம் லெவலில் நின்றார்கள்.

எதிரிகள் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் வருவதால், நாளடைவில் ஆட்டம் மனப்பாடமாகிவிடும். எந்த இடத்தில் மேலே ஏற வேண்டும், எங்கே பதுங்க வேண்டும் என்று கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். நடுவில் அழைப்பு வந்தால் ஆட்டம் நிற்கும். பேசி முடித்துத் தொடரலாம். ஒலி, விளக்கு, அதிர்வு மூன்றையும் தனித்தனியே அணைக்கும் வசதி இருந்தது. வகுப்பறையின் கடைசி பெஞ்சில் ஒலியை அணைக்காமல் ஆடியவர்களுக்கு அதன் அருமை பிறகு தெரிந்தது.

முன்னோடிகள்

விண்வெளிச் சண்டை விளையாட்டுகளின் மூலவேர் 1962-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்’. அதை உலகத்துக் கடைத்தெருக்களுக்குக் கொண்டுவந்தது டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. ஆனால் ஸ்பேஸ் இம்பாக்ட்டின் நேரடி முன்னோர் பக்கவாட்டில் நகரும் போர் ஆட்டங்களே: கொனாமியின் ‘கிரேடியஸ்’ (1985), ஐரெமின் ‘ஆர்-டைப்’ (1987). கிரேடியஸில் சேர்த்த சக்தியை எப்போது, எந்த ஆயுதத்துக்குச் செலவிடுவது என்பதை ஆடுபவரே தீர்மானிப்பார்.

பிற்பாடு உத்தியையும் சண்டையையும் கையடக்கக் கருவியில் இணைத்தது 2006-இல் நின்டென்டோ டிஎஸ் கருவிக்கு வந்த ‘ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்ட்’. அதில் முதலில் வரைபடத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் எழுதுகோலால் பாதை வரைய வேண்டும். குறிப்பிட்ட சுற்றுகளுக்குள் எதிரிகளை மடக்கி, தாய்க்கப்பலைக் காக்க வேண்டும். பாதையில் எதிரி குறுக்கிட்ட பிறகுதான் வானச் சண்டை தொடங்கும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் கருவி தமிழ்நாட்டில் வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்தாலோ, சென்னையின் பர்மா பஜார், ரிச்சி தெரு பக்கம் தேடினாலோ கிடைக்கும் பொருளாகவே இருந்தது. பென்சில் செல் போட்டு ஆடும், பத்துக்கு இருபது கட்டத் திரை கொண்ட மலிவான ‘பிரிக் கேம்’தான் நம் பிள்ளைகளுக்கு எட்டிய கருவி.

இந்த இடத்தில் 3310-இன் இன்னொரு விளையாட்டையும் சொல்ல வேண்டும். ‘ஸ்நேக் 2’, ‘பேர்ஸ் 2’, ஸ்பேஸ் இம்பாக்ட் ஆகியவற்றோடு நான்காவதாக ‘பான்டுமி’ இருந்தது. ஆளுக்கு ஆறு குழிகள், ஒவ்வொருவருக்கும் ஒரு சேமிப்புக் குழி. ஆப்பிரிக்க மன்காலா வகையைச் சேர்ந்த ஆட்டம்; அதாவது நம் பல்லாங்குழியின் சொந்தக்காரர். ஆளுக்கு ஏழு குழி வைத்து ஆடிப் பழகிய பாட்டிமார், பேரன் ராக்கெட் ஓட்டும் அதே போனில் இதைத் திறந்தவுடனே ஆடியிருக்கக்கூடும். யாரும் அவர்களிடம் போனைக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தென்புறநகரில்

சென்னையில் செல்போன் சேவை 1995-இல் தொடங்கியது. பல ஆண்டுகள் வரை, வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. அது 2003 மே மாதத்தில்தான் நீங்கியது. அதுவரை போன் என்பது பேசக் காசு கரையும் பொருள். விளையாட்டுக்கோ டவரும் வேண்டாம், பேலன்ஸும் வேண்டாம். மிஸ்டு கால் கொடுத்துக் காலம் தள்ளிய கல்லூரி மாணவர்களிடம் இந்த ஆட்டம் வேரூன்றியதற்கு முதல் காரணம் இதுதான் என்று கொள்ளலாம். அதே 2003-இல் வந்த நோக்கியா 1100, டார்ச் விளக்கும் தூசி புகாத கீபேடும் கொண்டு, ‘ஸ்பேஸ் இம்பாக்ட் பிளஸ்’ என்ற திருத்திய வடிவத்தையும் சுமந்து வந்தது. 3310 உலகெங்கும் 12.6 கோடியும் 1100 சுமார் 25 கோடியும் விற்றன.

1931 முதல் ஓடும் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 2004-இல் முழுவதும் அகலப்பாதைக்கு மாறியது. அந்த ஆண்டுகளில் பல்லாவரத்தில் ஏறி எழும்பூரில் இறங்குபவருக்குச் சில லெவல்கள் ஆடி முடிக்கப் போதுமான நேரம் கிடைத்தது. கைபேசித் தொழிலே பிறகு இந்தப் பக்கம் வந்தது: ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் திறக்கப்பட்டது. அங்கு உச்சகட்டத்தில் சுமார் 8,000 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலை பார்த்தார்கள். வரித் தகராறில் சிக்கி, நோக்கியாவின் கைபேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் நின்றுபோன ஆலை 2014 நவம்பர் முதல் தேதியில் மூடப்பட்டது. ஆலை தொடங்கியபோதே 3310-இன் காலம் முடிந்து வண்ணத்திரை வந்துகொண்டிருந்தது.

இன்று

பின்னர் வந்த கருவிகளில் ‘ஸ்பேஸ் இம்பாக்ட் 2’ முதலிய தொடர்ச்சிகள் வந்தன. முதலாவதின் புகழ் எதற்கும் அமையவில்லை. 2017-இல், நோக்கியா பெயரில் போன் விற்ற எச்எம்டி நிறுவனம் 3310 என்ற பெயரிலேயே புதிய போனை வெளியிட்டு, இந்தியாவில் 3,310 ரூபாய் என்றே விலை வைத்தது. அதில் பாம்பு ஆட்டம் இருந்தது, இது இல்லை.

அசலை ஆட விரும்புகிறவர்கள் பல்லாவரம் பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தைக்குப் போய்ப் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்து, இப்போது செடி, புறா, பழைய இரும்பு, ஓடாத டிவி என்று எல்லாம் விற்கும் இடம். (1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர் இது, கைக்கடக்கமான ஆயுதங்களுக்கு இங்கே வரலாறு நீளம்.) தார்ப்பாயில் சார்ஜரும் ரிமோட்டும் குவிந்து கிடக்கும் இடத்தில் கீபேட் போன்களும் இருக்கும். வாங்குமுன் பொத்தான்களை அழுத்திப் பார்க்க வேண்டும். விளையாடித் தேய்ந்த போனில் எழுத்து அழிவதோடு நிற்காது, சில பொத்தான்கள் இருமுறை அழுத்தினால்தான் கேட்கும். வெளி பாடி புதிதாக மின்னுவதை நம்ப வேண்டாம். அதை மாற்றுவது எளிது. முக்கியமாக, ஒரு பழைய சிம்மை எடுத்துப் போக வேண்டும். சிம் இல்லாமல் 3310-இன் மெனு திறக்காது, விளையாட்டும் வராது. காலாவதியான சிம் போதும். இன்றைய நானோ சிம் என்றால் பெரிய சட்டத்தில் பொருத்தித்தான் உள்ளே தள்ள முடியும்.