அட்டைப்படமும் இனவார்ப்பும் : மூன்று சஞ்சிகை முகப்புகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சஞ்சிகையொன்றின் அட்டை அதன் ஏனைய பக்கங்களினின்றும் வேறுபட்டது. உள்ளே உள்ள கட்டுரையை வாசகன் இருந்து படிக்கிறான். அட்டையையோ நடந்து செல்லும்போதே பார்க்கிறான். கடையின் முன்னால் தொங்கும் பல சஞ்சிகைகளுள் ஒன்றாக நின்று, ஓரிரு கணத்துள் தன்னை விளங்கவைத்து, தன்னை வாங்கவும் வைத்தல் அட்டையின் தொழிலாகும். இத்துணைக் குறுகிய பொழுதில் புதியதொன்றை விளக்குதல் அரிது. எனவே பார்ப்போன் மனத்தில் ஏலவே படிந்து கிடக்கும் உருவங்களையே அட்டைப்படம் பெரும்பாலும் துணைக்கு அழைக்கிறது. இன வேற்றுமை பற்றிய பழைய எண்ணங்கள் பிற பக்கங்களிற் காணப்படாதபோதும் அட்டையிற் தலைகாட்டுவதற்குரிய அடிப்படைக் காரணம் இதுவேயாம்.

ஓரினத்தைச் சேர்ந்த அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துக் காணும் மனப்பாங்கினை இக்கட்டுரை இனவார்ப்பு எனச் சுட்டுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லும் அச்சுத்தொழிலிலிருந்து வந்ததே. கோக்கப்பட்ட எழுத்துக்களைப் படியெடுத்து வார்த்த உலோகத் தகட்டினையே அச்சொல் முதலிற் குறித்தது. 1922இல் வால்ற்றர் லிப்மன் பொதுசன அபிப்பிராயம் பற்றி எழுதிய நூலில் அதனை மனப்படிமத்துக்கு ஆண்டதன் பின்னரே இன்றைய பொருள் நிலைபெற்றது. ஒருமுறை வார்க்கப்பட்ட தகடு ஆயிரக்கணக்கான பிரதிகளை ஒரே வடிவில் தருவது போன்று, ஒருமுறை உருவான இனப்படிமமும் காலந்தோறும் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. இப்படியெடுப்பின் போக்கினை 1955, 1994, 2008 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று முகப்புகளை ஆதாரமாகக்கொண்டு ஆராய்தல் ஈண்டு நோக்கமாகும். ஒரு படத்தை இனவாதப் படம் எனக் கூறுவதற்கு எத்தகைய சான்று வேண்டும் என்னும் வினாவே அவ்வாராய்ச்சியின் மையமாகும்.

ஒளிப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பதினோராண்டுகள் கழிந்து, 1850இல், ஹாவார்ட் பல்கலைக்கழக விஞ்ஞானி லூயி அகாசி என்பார் மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்னுந் தமது கொள்கைக்கு ஆதாரந் தேடித் தென் கரோலினாவின் அடிமைகளை ஆடை களைந்து நிற்கவைத்துப் படம் பிடிப்பித்தார். படம் பிடிக்கப்பட்டோரின் சம்மதம் எவராலும் கேட்கப்படவில்லை. ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்ற நம்பிக்கை இனக்கொள்கையின் கருவியாகப் பயன்பட்ட முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்றாகும்.

எனினும் அதே கருவியை ஒடுக்கப்பட்டோரும் கையிலெடுத்தனர் என்பது மறக்கற்பாலதன்று. அடிமைத்தளையினின்றும் தப்பி வந்த பிரெட்றிக் டக்ளஸ், வெள்ளை ஓவியர்கள் கறுப்பினத்தவர் முகத்தை மிகைப்படுத்தாது வரைய அறியார் என்று 1849இலேயே குறைகூறினார். பின்னர் ஏறத்தாழ 160 தடவைகள் ஒளிப்படக் கருவியின் முன்னமர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படம்பிடிக்கப்பட்ட அமெரிக்கரானார். அப்படங்களில் அவர் முகத்திற் சிரிப்பினைக் காண்பது அரிது. மகிழ்ச்சி மிகுந்த அடிமை என்ற பொய்யுருவத்துக்கு அவர் அளித்த மறுப்பு அதுவெனலாம். 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சிக்கு டு பொய்ஸ் 363 ஒளிப்படங்களைத் திரட்டிச் சென்றமையும் இதே நோக்குடையது. ஆகவே, சஞ்சிகை அட்டைகள் ஒளிப்படத்தை ஏற்ற காலத்தில் கறுப்பினத்தவர் பற்றி இருவேறு படிம மரபுகள் வழக்கிலிருந்தன. எதனைத் தெரிவது என்பது பத்திராதிபரின் கையிலிருந்தது.

முதலாவது முகப்பு பிரான்சிலே பிறந்தது. 1955 ஜூன் இறுதியில் வெளிவந்த பாரிஸ் மட்ச் சஞ்சிகையின் 326ஆவது இதழின் அட்டையில், பிரெஞ்சுச் சீருடை அணிந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் கண்களை உயர்த்தி வணக்கஞ் செலுத்தி நிற்கின்றான். முடி திருத்தும் நிலையத்தில் இவ்விதழைக் கண்ணுற்ற றோலன்ட் பார்த், 1957இல் வெளியான தமது 'தொன்மங்கள்' என்னும் நூலில் இப்படத்தை விளக்கினார். பிரான்சு ஒரு பேரரசு. அதன் புதல்வர் அனைவரும் நிறபேதமின்றி அதன் கொடிக்கீழ்ப் பணிபுரிகின்றனர். குடியேற்றவாதத்தைக் குறை கூறுவோருக்கு இச்சிறுவனின் ஆர்வமே தக்க விடை. இதுவே படம் உணர்த்துஞ் செய்தி என்பது பார்த்தின் முடிபு.

இம்முடிபின் வலிமையைக் காலப் பின்னணியே தருகிறது. 1954 மே மாதத்தில் டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோல்வியுற்றது. அதே ஆண்டு நவம்பரில் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கிற்று. 1955 ஏப்ரலில், இலங்கையும் அழைப்பு நாடுகளுள் ஒன்றாக விளங்கிய பாண்டுங் மகாநாடு கூடியது. பேரரசு சரிந்துகொண்டிருந்த வேளையில் அதன் உறுதியைப் பறைசாற்றும் படமொன்று முகப்பில் இடம்பெற்றமை தற்செயலெனக் கொள்ளற்பாலதன்று. பிரான்சிய வாசகனுக்கு இவ்வுருவம் புதியதுமன்று. 1857இல் அமைக்கப்பட்ட செனகல் துப்பாக்கிப் படையின் வீரனொருவன் பல்லெல்லாந் தெரியச் சிரிக்கும் பனானியா பான விளம்பரம் 1915 முதல் அந்நாட்டுச் சுவர்களை நிறைத்திருந்தது. கவிஞர் செங்கோர் தமது 1948ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சிரிப்பினைக் கடிந்துரைத்தார். விசுவாசமுள்ள கறுப்பு வீரன் என்ற வார்ப்புத் தகட்டின் மற்றொரு பிரதியே 1955இன் சிறுவன்.

ஆயினும் பார்த்தின் வாசிப்பிலும் குறையொன்றுண்டு. சிறுவன் மூவர்ணக் கொடியை நோக்குகிறான் போலும் என அவர் ஊகிக்கின்றார். படத்திலோ கொடி இல்லை. மேலும், அட்டையில் அச்சாகியிருந்த வாசகம் சிறுவனின் பெயரையும், அவன் ஊகடூகுவிலிருந்து தோழருடன் படைக் காட்சியொன்றுக்கு வந்தவன் என்பதையும் தெரிவித்தது. பார்த் அதனைப் பேசாது விட்டார். பேரரசு அச்சிறுவனை ஒரு சின்னமாக்கியது. அதனைச் சாடிய திறனாய்வாளரும் அவனைச் சின்னமாகவே விட்டுச் சென்றார். இனவார்ப்பினை எதிர்க்கும் விளக்கமும் தனிமனிதனை மறக்கக்கூடும் என்பதற்கு இது தக்க எச்சரிக்கையாகும்.

அடுத்த முகப்பின் களம் அமெரிக்கா. 1994 ஜூன் 12ஆம் திகதி நிக்கோல் பிறவுண், றொனால்ட் கோல்ட்மன் ஆகிய இருவர் கொலையுண்டனர். நிக்கோலின் முன்னாட் கணவரும் புகழ்பெற்ற காற்பந்தாட்ட வீரருமான ஓ. ஜே. சிம்சன் 17ஆம் திகதி கைதானார். பொலிசார் எடுத்த அடையாளப் படத்தை ரைம், நியூஸ்வீக் ஆகிய இரு வார ஏடுகளும் ஒரே வாரத்தில் முகப்பில் இட்டன. நியூஸ்வீக் படத்தை உள்ளவாறே அச்சிட்டது. ரைம் ஏட்டின் ஜூன் 27 இதழிலோ, ஓவியர் மற் மஹூரின் கைப்பட்டு, சிம்சனின் தோல் மேலுங் கருமையாக்கப்பட்டிருந்தது. ஓரங்கள் இருளில் மூழ்கியிருந்தன. கைதி எண் சிறிதாக்கப்பட்டிருந்தது. இரு இதழ்களும் கடைகளில் அருகருகே தொங்கியமையால் மாற்றத்தைக் காணச் சாதாரண வாசகனுக்கும் கடினமிருக்கவில்லை.

கறுப்பினத்தவர் இயக்கங்களும் பத்திரிகையாளரும் உடனே கண்டனக் குரலெழுப்பினர். ஏட்டின் ஆசிரியர் ஜேம்ஸ் கெயின்ஸ் அடுத்த இதழில் விளக்கமளித்தார். இன உட்பொருள் எதுவும் தமக்கோ ஓவியருக்கோ இருக்கவில்லை என்றும், அவலச் சுவையை வெளிக்கொணர்தலே நோக்கம் என்றும் அவர் கூறினார். கருமை மிகுந்தால் கொடுமை மிகும் என எண்ணுவதே இனவாதமன்றோ எனவும் அவர் வினவினார். இவ்வாதம் சாதுரியமானது, ஆயினும் நிலைக்கத்தக்கதன்று. கருமையைக் கொடுமையோடு இணைத்தது கண்டனஞ் செய்தோர் அல்லர். கொலை வழக்கொன்றின் அவலத்தை உணர்த்த முகத்தைக் கருமையாக்குதலே தக்க வழியென ஏட்டின் கலைக்கூடம் தெரிந்தபோதே அவ்விணைப்பு நிகழ்ந்துவிட்டது. அப்போது சிம்சன் விசாரணைக்கு உட்படாதவர். 1995 ஒக்டோபர் 3ஆம் திகதி யூரிமார் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்தனர். 1997இல் குடியியல் வழக்கில் அவரே கொலைகளுக்குப் பொறுப்பாளரெனத் தீர்ப்பாயிற்று. அவர் குற்றவாளியா என்பது வேறு வினா. அவரது நிறமே குற்றத்தின் சாட்சியாக்கப்பட்டமைதான் ஈண்டு எழும் வினா. தீர்ப்பு எவ்வாறு அமைந்திருந்தபோதும் இவ்வினாவுக்குரிய விடை மாறாது.

மூன்றாவது முகப்பின் சிக்கல் இவ்விரண்டினும் பெரிது. 2008 ஏப்ரல் வோக் இதழின் அட்டையைப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் அனி லீபொவிற்ஸ் எடுத்திருந்தார். கூடைப்பந்து வீரர் லெப்றோன் ஜேம்ஸ் வாய்விட்டு முழங்கியவாறு ஒரு கையாற் பந்தைத் தட்டி, மறு கையால் அழகி ஜிசெல் பூண்ட்செனின் இடையை வளைத்து நின்றார். அமெரிக்க வோக் முகப்பில் தோன்றிய முதற் கறுப்பின ஆண்மகன் அவரே. முன்னர் றிச்சர்ட் கியரும் ஜோர்ஜ் குளூனியுமே ஆடவருள் அவ்விடத்தைப் பெற்றிருந்தனர். பெருமைக்குரியதென வெளியிடப்பட்ட இப்படத்தில் விமர்சகர் பலர் கண்டது 1933இன் கிங்கொங் திரைப்படத்தை. அதற்கும் முன்னதாக, முதலாம் உலக யுத்தகாலத்தில் ஹரி ஹொப்ஸ் வரைந்த ஆட்சேர்ப்புச் சுவரொட்டியை. அச்சுவரொட்டியில் வாய்பிளந்த மனிதக் குரங்கொன்று ஒரு கையிற் தண்டாயுதமும் மறு கையில் வெள்ளைப் பெண்ணுமாக அமெரிக்கக் கரையில் அடியெடுத்து வைக்கிறது.

ஒன்று கவனிக்கத்தக்கது. அச்சுவரொட்டியின் குரங்கு கறுப்பினத்தவரைக் குறித்ததன்று. அதன் தலையில் இருப்பது ஜேர்மானியப் படைத் தொப்பி. அவ்வாறாயின் ஒப்பீடு பொருந்துமா என்ற ஐயம் எழலாம். உண்மையில் இவ்விவரம் ஒப்பீட்டை வலுப்படுத்துகிறதேயன்றிக் குலைக்கவில்லை. வெள்ளை நிறத்தவனான பகைவனை வெறுக்கத்தக்கவனாகக் காட்ட ஓவியர் இருண்ட மேனியையும் குரங்குருவையும் கடன் வாங்கவேண்டியிருந்தது. கடன் கொடுத்த களஞ்சியம் பழையது. பெண்ணைத் தூக்கிச் செல்லும் மனிதக் குரங்கினைப் பிரெஞ்சுச் சிற்பி பிரெமியே 1859இலேயே வடித்திருந்தார். 1915இன் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னுந் திரைப்படம் வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் கறுப்பன் என்ற அச்சத்தைத் திரையேற்றியது. அவ்வச்சம் கற்பனையுலகோடு நிற்கவுமில்லை. ரஸ்கீகி கல்வி நிலையத்தின் பதிவுகளின்படி 1882 முதல் 1968 வரை 3,446 கறுப்பினத்தவர் கும்பல்களாற் கொல்லப்பட்டனர். அக்கொலைகளுட் பலவற்றுக்குச் சொல்லப்பட்ட நியாயம் இதே படிமமேயாகும். இந்த இழப்புகளோடு சேர்த்துப் பார்க்கும்போதே, ஒரு சஞ்சிகை அட்டைக்காக இத்துணை விவாதமா என்ற ஏளனம் பொருளற்றதாகிறது.

எனினும் மறுபக்கத்தையும் நேர்மையுடன் எடைபோடுதல் வேண்டும். ஜேம்ஸ் தம் படத்தையிட்டு மகிழ்ச்சியே தெரிவித்தார். அது தமது ஆட்டத்தின் உணர்ச்சி வெளிப்பாடு என்றார். முழங்குதல் விளையாட்டு வீரர் யாவருக்கும் இயல்பு. பூண்ட்செனும் அச்சங் காட்டாது சிரிக்கின்றார். ரைம் முகப்பில் மூலப்படம் அருகிலிருந்தமையால் செய்யப்பட்ட மாற்றத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தது. வோக் முகப்பில் அத்தகைய நேர்ச்சான்று இல்லை, ஒப்புமையே உண்டு. ஒப்புமை நோக்கத்தை நிறுவாது. ஆனால் நோக்கமின்மையும் படத்தைப் பொருளற்றதாக்கிவிடாது. எடுக்கப்பட்ட படங்கள் பலவற்றுள் எது கடையிற் கண்ணைக் கவரும் என ஒருவர் தெரிகின்றார். கண்ணைக் கவரும் ஆற்றலைப் பழைய வார்ப்பே அதற்கு அளித்திருக்கலாம் என்பதை அவர் அறியாதிருத்தல் கூடும். அறியாது தெரிவதே இனவார்ப்பின் உண்மை வலிமை.

மூன்று முகப்புகளையும் ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். படத்தின் பொருள் படைத்தோன் வாக்குமூலத்தில் முற்றாக அடங்கியதன்று. பார்ப்போன் விருப்பப்படி வளைவதுமன்று. இருவருக்கும் இடையே, இருவருக்கும் முன்னரே, வரலாறு சேர்த்துவைத்த படிமக் களஞ்சியம் ஒன்றுண்டு. திறனாய்வாளன் அக்களஞ்சியத்தைத் திறந்து, எது எங்கிருந்து வந்தது எனக் காட்டுதல் வேண்டும். 1955இற்குக் காலப் பின்னணியும், 1994இற்கு மூலப்படமும், 2008இற்குப் படிம வரலாறும் சான்றாகின்றன. சான்றின் தரத்துக்கேற்பவே முடிபின் உறுதியும் அமைதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குரலிற் கண்டித்தலும் ஒருவகை வார்ப்பேயாம்.

இக்களஞ்சியத்தின் திறவுகோல் யாரிடம் இருந்தது என்பதும் கேட்கத்தக்கது. 1892இல் தோன்றிய வோக் சஞ்சிகையின் அமெரிக்க முகப்பைக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் முதன்முதலாகப் படம்பிடித்தது 2018 செப்டெம்பரிலேயே. அவர் பெயர் ரைலர் மிச்செல். 2021 பெப்ரவரி இதழுக்காகக் கமலா ஹரிசைப் படம்பிடித்தவரும் அவரே. தமிழ்நாட்டில் வேர்கொண்ட தாயின் மகளான ஹரிஸ் அவ்வேளை உப ஜனாதிபதிப் பதவிக்குத் தெரிவாகியிருந்தார். அவ்வட்டையும், அவரது தோலின் நிறத்தை வெளிறச் செய்ததெனவும் பதவியின் மதிப்புக்குப் பொருந்தாததெனவும் விமர்சிக்கப்பட்டது. படம்பிடிப்போன் மாறியபோதும் முகப்பைத் தெரியும் அதிகாரம் பத்திராதிபர் மேசையிலேயே தங்கிற்று என்பதை இது காட்டுகிறது. டக்ளஸ் தாமே இருக்கையைத் தெரிந்து, தாமே முகபாவத்தைத் தெரிந்து கருவியின் முன்னமர்ந்தார். அட்டையில் தோன்றும் மனிதன் தன்னுருவைத் தானே தெரியும் உரிமையைப் பெறும் வரையில், கடையில் தொங்கும் ஒவ்வொரு முகப்பையும் ஒருமுறைக்கு இருமுறை நோக்குதல் கற்றோரின் கடனாகும்.