வேலைக்காடு

விஃப்ரெடோ லாமின் 'லா ஹுங்லா' ஓவியத்தை முதலில் கைப்பேசியில்தான் பார்த்தேன். 'காடு' என்று பொருள். பச்சையும் நீலமுமாய் நெருக்கியடித்த தண்டுகள், நடுவில் நான்கு உருவங்கள். நான் ஓவியம் படித்தவனில்லை, பொறியாளன். எதைப் பார்த்தாலும் முதலில் அளவைத்தான் தேடுவேன். கிட்டத்தட்ட 2.4 மீட்டர் உயரம், 2.3 மீட்டர் அகலம். தாளில் தீட்டிக் கேன்வாஸில் ஒட்டியது. நேரில் போய் நின்றால் அந்த உருவங்கள் நம்மைவிட உயரமாக இருக்கும்.

மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. தண்டுகளில் கணு இருக்கிறது. இது காடே இல்லை, கரும்பு!

லாம் 1902இல் கியூபாவின் சாகுவா லா கிராண்டேயில் பிறந்தவர். சுற்றிலும் கரும்பு விளையும் ஊர். அப்பா கண்டோன் பக்கத்துச் சீனர். அம்மா ஆப்பிரிக்க, ஸ்பானிய வழி வந்தவர். ஞானத்தாய் மாந்தோனிகா வில்சன், ஆப்பிரிக்கத் தெய்வங்களைக் கும்பிடும் சாந்தேரியா பூசாரி. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்ததே 1886இல்தான். அதற்கு முன், 1847க்கும் 1874க்கும் இடையில், ஒரு லட்சத்துக்கும் அதிகமான சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றினார்கள்.  அந்தக் கரும்புக்குள் யார் யார் உழைத்தார்கள் என்று அவர் வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

1923இல் ஸ்பெயின் போனார். அங்கே மனைவியும் குழந்தையும் காசநோயில் போய்விட்டார்கள். பிறகு உள்நாட்டுப் போர், பாரிஸ், பிக்காசோவின் நட்பு. நாஜிகள் வந்ததும் 1941இல் மார்செய்யில் கப்பலேறினார். ஆந்த்ரே பிரெத்தோன், லெவி-ஸ்ட்ராஸ் எல்லாம் அதே கப்பலில். வழியில் மார்த்தினிக்கில் எமே செசேரைச் சந்தித்தார். பதினெட்டு வருடம் கழித்து ஹவானா.

தப்பி வந்து சேர்ந்த ஊரோ மற்றவர்கள் தப்பித்துப்போக வரும் ஊர். ரம், சூதாட்டம், நடனம். கறுப்பர்களின் சாமி மேளம்கூட விடுதியில் வேடிக்கை. அந்தப் படத்தை வரைந்திருந்தால் நன்றாக விற்றிருக்கும். லாம் அதை வரைய மறுத்தார். 1942-43இல் இதை வரைந்தார். முகங்கள் முகமூடிகள். மார்பு பப்பாளிபோல் தொங்குகிறது. வலது ஓரத்தில் ஒரு கை கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கரும்பை யார் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள்? எனக்கென்னவோ அது வேடிக்கை பார்க்க வந்தவனுக்காகத்தான் என்று தோன்றுகிறது.

இவரைப் பிக்காசோவின் சீடர் என்று சுருக்கிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பாரிஸுக்கு முகமூடி கலைப்பொருள், இவருக்கு அது ஞானத்தாய் வீட்டு விஷயம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1945இல் ஓவியத்தை வாங்கியது. ஆனால் பல காலம் அதை மாட்டியிருந்த இடம், வருகிறவர்கள் மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கும் அறைக்குப் பக்கம். 1988இல் கவிஞர் ஜான் யாவ் இதைக் கண்டித்து எழுதினார்.

நம் நாட்டிலும் ரப்பருக்கு முன்னால் புரோவின்ஸ் வெல்லெஸ்லியில் கரும்புதான். ஒப்பந்தத்தில் வந்த தமிழர்கள் அங்கே வெட்டினார்கள். என் பாட்டி பிறந்தது பிறகு, பால்மரத் தோட்டத்தில். போன வருடம் நான் வேலை செய்த வீடமைப்புத் திட்டம் ஒரு பழைய தோட்டத்தை அழித்துக் கட்டியது. விளம்பரத் தாளில் 'காட்டின் மடியில் ஒரு வாழ்வு' என்று போட்டிருந்தார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை, சம்பளம் வாங்குகிறேன். தாளை வாங்கிப் பார்த்த பாட்டி கேட்டார், "காடா? காலையில பெரட்டுல நின்னுட்டு நாங்க போனது வேலைக்காட்டுக்குய்யா. இவனுங்க எந்தக் காட்ட சொல்றானுங்க?"

லாமின் தலைப்பைத் தமிழில் சொல்ல எனக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

அன்றைக்கே பாட்டிக்கு ஓவியத்தைக் காட்டினேன். கரும்பு, முகமூடி எதையும் கேட்கவில்லை. திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடியில் விரலை வைத்தார்.

"கால பாரு, எம்மாம் பெருசு. செருப்பில்லாம நடந்த காலு."