விர்ச்சோ கணு

காறை எலும்புக்குச் சற்று மேலே, கழுத்தின் இடப்பக்கத்தில் உள்ள நிணநீர்க்கணு விர்ச்சோ கணு எனப்படுகிறது. இது வீங்கிக் கெட்டியாவது, வயிற்றுக்குள் மறைந்திருக்கும் புற்றுநோயின் வெளி அடையாளமாக இருக்கலாம் என்பது 19ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது.

வயிற்றில் தோன்றிய நோய் கழுத்தில் ஏன் தெரிகிறது என்பதற்கான அடிப்படை அதற்கும் 200 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. பிரான்சைச் சேர்ந்த ழான் பெக்கே, நாய்களை அறுத்து ஆராய்ந்து, மார்பு நிணநீர்க்குழாயைப் பற்றி 1651இல் எழுதினார். அடுத்த ஆண்டு டென்மார்க்கின் தாமசு பார்த்தோலின் அதே குழாயை மனித உடலில் விவரித்தார். கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீர் இந்தக் குழாய் வழியே மேலேறி, இடக் காறை எலும்பின் பின்புறம் இரத்தக் குழாயில் கலக்கிறது. புற்றணுக்களும் அதே வழியில் வந்து அங்குள்ள கணுவில் தங்கிவிடுகின்றன.

செருமானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ 1848இல் இந்தக் கணுவின் வீக்கத்தை இரைப்பைப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தினார். (அதே ஆண்டில்தான் அவர் மேல் சிலேசியாவில் பரவிய கொள்ளைநோயை ஆராய்ந்து, வறுமையே அதன் வேர் என்று அரசைக் குறைகூறினார்.) ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். எனவே உயிரோடு இருப்பவரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை விரல் நுனியால் ஊகிக்க முடிந்தது அன்று பெரிய செய்தி. ஆனால் நோயாளிக்கு அதனால் பயன் ஏதும் இல்லை. செய்வதற்குச் சிகிச்சை இல்லை.

1881இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக வெட்டி நீக்கினார். அந்த நோயாளி சில மாதங்களில் இறந்தார். அறுவை முடிந்தாலும் நோய் ஏற்கெனவே பரவியிருந்தால் என்ன பயன் என்ற கேள்வி இதன்பின் முக்கியமானது. கழுத்துக் கணு அதற்கு ஒரு விடையாயிற்று: அது வீங்கியிருந்தால் நோய் இரைப்பையோடு நிற்கவில்லை. 1889இல் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் எமில் துருவாசியே, வயிற்றின் பிற உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களும் இங்கு வரும் என்று காட்டினார். அதனால் இந்த வீக்கத்துக்கு 'துருவாசியே அறிகுறி' என்ற பெயரும் உண்டு.

வலப்பக்கக் கணுவின் கதை வேறு. அங்கு வீக்கம் கண்டால் நுரையீரல், உணவுக்குழாய் போன்ற மார்பு உறுப்புகளையே முதலில் சந்தேகிப்பர். மார்பைத் திறக்காமல், காறை எலும்புக்கு மேலுள்ள திசுவை எடுத்துச் சோதித்து மார்பு நோய்களை அறியும் முறையை டேனியல்சு 1949இல் வெளியிட்டார்.

தொண்டைப் புண்ணால் தாடைக்கடியில் 'நெறி கட்டுவது' பெரும்பாலும் தானே வற்றிவிடும். காறை எலும்புக்கு மேல் தோன்றும் கட்டியை மருத்துவர்கள் அப்படி விட்டுவிடுவதில்லை. எனினும் அது எப்போதும் புற்றுநோய் அன்று. தமிழில் கண்டமாலை என்று அழைக்கப்பட்ட கழுத்துக் கணுக் காசநோய் இந்தியாவில் இன்றும் காணப்படுகிறது. மாதக்கணக்கில் மருந்து உட்கொண்டால் குணமாகும். இடக்கையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட சிலருக்கும் இங்கே கணு வீங்கி, சில வாரங்களில் வற்றியது. புற்றுநோயாகவே இருந்தாலும் முடிவு ஒன்றல்ல: இரைப்பைப் புற்றுநோய் இந்தக் கணுவரை வந்துவிட்டால் முற்றிலும் குணப்படுத்துவது மிக அரிது, ஆட்கின் நிணநீர்ப் புற்றும் விந்தகப் புற்றும் இங்கு வந்தபின்னும் பலருக்கு முழுமையாகக் குணமாகின்றன. எது என்பதை விரல் சொல்லாது. மெல்லிய ஊசியால் உறிஞ்சியோ, கணுவை எடுத்தோ நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.