பாரிஸின் நிழலிலிருந்து வெளியே வந்த இத்தாலி

பேஷன் என்றாலே இன்று மிலான் ஞாபகம் வருகிறது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை இத்தாலியத் தையற்கடைகள் பல, பாரிஸ் மாடல்களைப் பார்த்துத்தான் தைத்தன என்பது தெரியுமா? துணியும் கைவேலையும் இவர்களுடையது, பெயர் மட்டும் பாரிஸுக்கு!

இதை மாற்றியவர் ஜொவான்னி பத்திஸ்தா ஜோர்ஜினி. இத்தாலியக் கைவினைப் பொருட்களை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வியாபாரி. 1951 பிப்ரவரி 12 அன்று, பாரிஸ் ஷோக்கள் முடிந்த கையோடு, அமெரிக்கக் கடைக்காரர்கள் சிலரை பிளாரன்ஸில் தன் வீட்டுக்கே அழைத்து இத்தாலிய உடைகளைக் காட்டினார். வந்தவர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். அடுத்த ஷோவுக்குக் கூட்டம் பெருகியது. 1952ல் இடம் பித்தி அரண்மனையின் வெள்ளை மண்டபத்துக்கு மாறியது.

அர்மானி 1975லும் வெர்சாச்சே 1978லும் மிலானில் நிறுவனம் தொடங்கியது அதற்கப்புறம்தான். போரில் நொடிந்துபோன நாட்டிடம் திறமை ஏற்கெனவே இருந்தது. அதைச் சொந்தப் பெயரில் விற்க ஒருவர் துணிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.